பேய்க்கும் பட்ஜெட் உண்டு!

பயமுறுத்துவதற்கென்றே எடுத்த ஒரு படத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பது தனி சுகம். அந்தச் சுகத்தை அனுபவித்தவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். வெளியே சொல்லத்தான் கூச்சம். தியாகராஜர் ஆராதனைக்கும் பட்டிமன்றத்துக்கும் முன்வரிசையில் உட்காரும் பெரியவர், "நேற்று ராத்திரி 'புரானா மந்திர்' பார்த்தேன் சார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது" என்று எப்படிச் சொல்வார்? அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் போக்குவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் சினிமாக்காரன் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு 1981ல் மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்தவன். இடார்சி, ஆம்லா, நாக்பூர் என்று இந்தப் பக்கத்திலேயே முப்பத்தெட்டு வருடங்கள் ஓடிவிட்டன. எதைப் பார்த்தாலும் "இது எப்படி நிற்கிறது, எங்கே ஆடுகிறது" என்று பார்ப்பது தொழில் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. மட்டமான பேய்ப் படங்களை நான் ரசிக்கக் கற்றுக்கொண்டது இந்தப் பழக்கத்தினால்தான். ஏன் சிரிப்பு வருகிறது, எப்படிச் சிரித்தால் அது நியாயமான சிரிப்பு என்ற இரண்டை மட்டும் எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன்.

அச்சமும் நகையும்

முதலில் தொல்காப்பியரைக் கூப்பிட்டுக்கொள்வோம். பேய்ப் படத்துக்குத் தொல்காப்பியமா என்று புலவர் பெருமக்கள் கோபிக்க வேண்டாம். மெய்ப்பாட்டியலில் அவர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் உண்டு, அச்சமும் உண்டு. அச்சம் எதனால் வரும் என்பதற்கு அவர் காட்டும் நான்கு காரணங்களில் முதலாவது அணங்கு. பேயும் பூதமும் அதில் அடங்கும் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். மற்ற மூன்றும் விலங்கு, கள்வர், தனக்கு மேலே உள்ள இறைவன் அல்லது அரசன். (கடைசியில் சொன்னதை டிவிஷனல் இன்ஜினியரின் இன்ஸ்பெக்ஷன் என்று வைத்துக்கொண்டால் என்னைப் போன்றவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.)

நகைக்கும் அவர் நான்கு காரணங்கள் சொல்கிறார். ஒன்று எள்ளல், அதாவது பிறரை இகழ்வது. இன்னொன்று இளமை, குழந்தைத்தனம். மூன்றாவது பேதைமை, அறியாமை. நான்காவது மடன். கேட்டதை ஆராயாமல் அப்படியே மெய்யென்று நம்பிவிடும் குணம் அது.

மட்டமான பேய்ப் படம் பார்க்கும்போது என்ன நடக்கிறது? படம் நம்மை அச்சத்துக்குக் கூப்பிடுகிறது. நாமும் தயாராக உட்காருகிறோம், உடம்பு கொஞ்சம் விறைக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பேயின் முகமூடி கழுத்தருகே மடங்கித் தெரிகிறது. விறைப்பு போக வழியில்லாமல் சிரிப்பாக வெளியே வருகிறது. பெரிய எதிர்பார்ப்பு ஒன்று திடீரென்று ஒன்றுமில்லாமல் போவதுதான் சிரிப்பு என்று ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட் 1790லேயே எழுதியிருக்கிறார். பாய்லரில் அழுத்தம் ஏறியதும் சேஃப்டி வால்வு திறந்துகொள்கிற மாதிரிதான்.

ஆனால் எந்த வகைச் சிரிப்பு? அங்கேதான் தொல்காப்பியரின் பிரிவினை உதவுகிறது. இந்தப் படங்களை எள்ளலோடு பார்த்தால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். குழந்தைத்தனத்தையும் பேதைமையையும், தன் கதையைத் தானே மெய்யென்று நம்பும் அந்த மடனையும் கண்டு சிரித்தால் கடைசி ரீல் வரை சிரிக்கலாம். நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் உதாரணம்.

ராம்சே குடும்பம்

ஹிந்தி பேசும் பகுதிகளில் குடியேறிய நமக்கு இந்த வகைப் படத்தின் குலதெய்வங்கள் ராம்சே சகோதரர்கள். தகப்பனார் பெயர் பதேசந்த் ராம்சிங்கானி. கராச்சிக்காரர். அங்கே ரேடியோ வியாபாரம். ராம்சிங்கானி என்ற பெயர் வெள்ளைக்கார வாடிக்கையாளர்களின் நாக்கில் நுழையாததால் ராம்சே ஆகிவிட்டது. பிரிவினைக்குப் பிறகு பம்பாய்க்கு வந்து மறுபடியும் கடை வைத்தார், பிறகு சினிமாவில் இறங்கினார்.

1970ல் அவர் தயாரித்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' தோல்வி. பிருத்விராஜ் கபூரே நடித்தும் ஓடவில்லை. ஆனால் அதில் ஒரு காட்சி: பயங்கரமான முகமூடியும் கனத்த உடையும் அணிந்துகொண்டு பிருத்விராஜ் கபூர் மியூசியத்தில் திருட வருவார். அந்தக் காட்சியை மட்டும் ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்பதைக் கொட்டகையில் உட்கார்ந்து கவனித்தவர்கள் பிள்ளைகளான துளசியும் ஷ்யாமும். "அப்பா, முழுப் படத்தையும் இப்படியே பயமுறுத்துகிற மாதிரி எடுத்தால் என்ன?" என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1972ல் வெளிவந்த 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே'.

அந்தப் படம் எடுத்த விதத்தைக் கேட்டால் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாருக்கு மரியாதை வந்துவிடும். குடும்பத்தோடு, கொஞ்சம் பேர் அடங்கிய குழுவோடு, மகாபலேஷ்வருக்குப் போய் அரசாங்க விருந்தினர் விடுதியில் தங்கினார்கள். வீட்டுப் பெண்கள் சமையலைக் கவனித்துக்கொண்டார்கள். சுமார் நாற்பது நாட்களில், மூன்றரை லட்ச ரூபாய் அளவில் படம் முடிந்தது. ஏழு பிள்ளைகளும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குமார் கதை வசனம், துளசியும் ஷ்யாமும் டைரக்ஷன், கங்கு காமிரா, கிரண் ஒலிப்பதிவு, அர்ஜுன் எடிட்டிங், கேஷு தயாரிப்பு வேலைகள். எங்கள் ரயில்வே கேங்கிலேகூட இத்தனை ஒற்றுமையான வேலைப் பங்கீட்டை நான் கண்டதில்லை!

பிறகு 'தர்வாஜா' (1978), 'புரானா மந்திர்' (1984), 'வீரானா' (1988), 'புரானி ஹவேலி' (1989), 'பந்த் தர்வாஜா' (1990) என்று வரிசையாக வந்தன. பெரிய ஊர்களின் பெரிய தியேட்டர்களை விட இடார்சி மாதிரி ஜங்ஷன் ஊர்களின் கொட்டகைகளில்தான் இவற்றுக்கு மவுசு. 1993ல் 'ஜீ ஹாரர் ஷோ' தொலைக்காட்சியில் தொடங்கியபோது பேய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் ரயில்வே காலனியில் அந்த நேரத்தில் குழந்தைகள் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்ப்பார்கள்.

நம்மவர்களுக்கு இந்த ரசனை புதிதும் அல்ல. விட்டலாச்சார்யாவின் தெலுங்குப் படமான 'ஜெகன்மோகினி' (1978) தமிழ் பேசி வந்தபோது, விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் பேயைப் பார்த்து ஊர்க் கொட்டகைகளில் எழுந்த சத்தம் பயமா சிரிப்பா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சாம்ரி வருகிறான்

ஒரே ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் 'புரானா மந்திர்' பாருங்கள். கதை இதுதான். இருநூறு வருடங்களுக்கு முன் சாம்ரி என்ற கொடிய மந்திரவாதியை ராஜா ஹரிமான் சிங் பிடித்துத் தலையை வெட்டுகிறார். தலை அரண்மனையில் ஒரு பெட்டியில், உடல் பழைய கோயிலுக்குப் பின்னால் மண்ணில். சாகும்போது சாம்ரி சாபம் கொடுக்கிறான்: இந்த வம்சத்துப் பெண்கள் பிரசவத்தில் இறப்பார்கள் என்று. சாபத்துக்குப் பயந்து தகப்பன் மகளின் காதலை எதிர்க்க, மகளும் காதலனும் உண்மையைக் கண்டுபிடிக்க அந்தப் பாழடைந்த மாளிகைக்கே போகிறார்கள். தலையும் உடலும் சேர்ந்துவிடுமா என்பதுதான் மிச்சம். ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால், இன்ஜின் ஒரு ஸ்டேஷனில், வண்டி இன்னொரு ஸ்டேஷனில். இரண்டையும் கப்ளிங் போடாமல் காப்பாற்ற வேண்டும்.

சாம்ரியாக நடித்தவர் அஜய் அகர்வால் என்ற அனிருத் அகர்வால். நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல் உயரம். அவர் ரூர்க்கியில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர் என்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. நம் துறைக்காரர் ஒருவர் வடநாட்டையே நடுங்க வைத்திருக்கிறார்! பிற்பாடு 'பேண்டிட் க்வீன்' (1994) படத்தில் பாபு குஜ்ஜர் என்ற கொள்ளைக்காரனாக வந்ததும் இவரே.

இந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சிரிப்புக்கென்றே 'ஷோலே'யைக் கிண்டல் செய்யும் ஒரு தனிக் கதை நடுநடுவே வருகிறது. அதில் நடித்தவர் சாமானியர் அல்ல, 'ஷோலே'யிலேயே சூர்மா போபாலியாக வந்து எல்லாரையும் சிரிக்க வைத்த ஜகதீப். ஆனால் இங்கே அந்தப் பகுதி வரும்போது கொட்டகையில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். சாம்ரி வந்தவுடன் திரும்பி வந்து, பயந்துகொண்டே சிரிப்பார்கள். "சிரியுங்கள்" என்று கேட்கும் இடத்தில் வராத சிரிப்பு, "பயப்படுங்கள்" என்று கேட்கும் இடத்தில் வருகிறது.

எங்கே ஆடுகிறது?

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். படத்தின் எந்த இடங்களில் அச்சம் தடம் புரள்கிறது என்று கவனித்தால் அதற்கெல்லாம் காரணம் உண்டு. பெரும்பாலும் காரணம் பணம்.

பனிமூட்டம்: சுடுகாட்டுக் காட்சியில் தரையோடு தவழும் வெண்புகை, உலர்பனி என்ற திட கார்பன் டை ஆக்சைடால் செய்வது. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. வெந்நீரில் போட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து மூட்டமாகும். கனமான குளிர்ந்த வாயு ஆகையால் தரையிலேயே நிற்கும். காசு போதாவிட்டால் கரிச்சட்டியில் சாம்பிராணியைக் கொட்டிப் புகை போடுவார்கள். சூடான புகை மேலேதான் போகும். ஆகவே புகை தரையில் தவழ்ந்தால் தயாரிப்பாளரிடம் அன்று பணம் இருந்தது, கூரைக்கு ஏறினால் இல்லை என்று கொள்க. நாயகி இருமுவது நடிப்பும் அல்ல.

இரவு: ராத்திரி வெளிப்புறக் காட்சி எடுக்க ஜெனரேட்டர், பெரிய விளக்குகள் எல்லாம் வேண்டும். அதற்குப் பதிலாகப் பகலிலேயே வெளிச்சத்தைக் குறைத்து, நீல வடிகட்டி போட்டு எடுத்துவிடுவதுண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'அமெரிக்க இரவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? தரையைப் பாருங்கள். நள்ளிரவில் மரத்தின் நிழல் கத்தி மாதிரி கூர்மையாக விழுந்தால் மேலே இருப்பது சூரியன்.

ஒலி: அக்காலப் படங்களில் வசனமும் காலடிச் சத்தமும் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டவை. அதனால் பேய் புல்தரையில் நடந்தாலும் மரத்தளத்தில் நடப்பதுபோல் 'டக் டக்' என்று கேட்கும். பூட்ஸ் போட்ட பேய்!

காமிராவின் ஓட்டம்: காமிராவைத் தள்ளுவண்டியில் வைத்துச் சிறிய தண்டவாளத்தின் மேல் நகர்த்துவார்கள். இதைப் பார்க்கும்போது என் கண் நாயகியிடம் போகாது. இரண்டு துண்டுத் தண்டவாளங்கள் சேரும் இடத்தில் மட்டம் சரியில்லை என்றால் திரையில் ஒரு சின்னக் குலுக்கல் தெரியும். "ஜாயின்ட் பேக்கிங் சரியில்லை" என்று என் வாய் தானாகச் சொல்லும். என் மனைவி இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருக்கிறாள்.

பேயின் நேரம்: எல்லாவற்றிலும் பெரியது இது. கெட்டிக்கார டைரக்டர் பேயை அரைகுறையாகக் காட்டுவார். ஒரு கை, ஒரு நிழல், கதவின் கிறீச் ஒலி. மிச்சத்தை நம் மனசே செய்துகொள்ளும். ஆனால் முகமூடிக்குச் செலவழித்த தயாரிப்பாளருக்கு அதை நன்றாகக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. நல்ல வெளிச்சத்தில், நேருக்கு நேர், நிறைய நேரம் காட்டுகிறார். பார்க்கிறவனுக்கு நேரம் கிடைத்துவிட்டால் அவன் பயப்பட மாட்டான், இன்ஸ்பெக்ஷன் செய்ய ஆரம்பித்துவிடுவான். ரப்பர் உதடு அசையாதது, கண் ஓட்டை வழியே மனிதக் கண் சிமிட்டுவது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

"தெரிந்ததும் மறுபடி எடுத்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் கணக்கு வருகிறது. 35 மில்லிமீட்டர் பிலிம் ஒரு நொடிக்கு 24 படங்கள், ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கழுவுகிற செலவு வேறே. இன்றைய கைபேசியில் அழித்துவிட்டு மறுபடி எடுப்பது போல அல்ல. வௌவாலின் கயிறு தெரிந்தாலும் "பரவாயில்லை, அடுத்தது" என்று போவதைத் தவிர வேறு வழியில்லை. நாம் சிரிக்கிற ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டிருக்கிறார்.

தாராகோ மலைப்பாதையில்

இந்தச் சிரிப்பினால் உபயோகம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடார்சிக்கும் ஆம்லாவுக்கும் நடுவே தாராகோ, மரம்ஜிரி என்ற மலைப்பகுதி ஸ்டேஷன்கள் உண்டு. காடு, வளைவு, சுரங்கம். மழைக்காலத்தில் பேட்ரோல்மேன்கள் ராத்திரி முழுவதும் லாந்தரும் டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடக்க வேண்டும். மண் சரிந்திருக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா, தண்ணீர் அரித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தூங்கிக்கொண்டு வரும் வண்டி அந்த ஒரு லாந்தரை நம்பித்தான் வரும்.

அந்த மனிதர்களுக்குப் பயம் இல்லை என்று நினைக்கக் கூடாது. சுரங்க வாயில் வெள்ளை உருவம் நிற்கிறது, யாரோ பின்னால் நடந்து வருகிறார்கள் என்று கதைகள் உண்டு. சிலவற்றுக்கு நான் விளக்கம் சொல்வேன். பகல் வெயிலில் நீண்ட தண்டவாளம் ராத்திரிக் குளிரில் சுருங்கும்போது ஃபிஷ்பிளேட் இணைப்பில் 'டிக்' என்று சத்தம் கேட்கும், அதுதான் உங்கள் பின்னால் நடக்கும் ஆள் என்பேன். "சரி சாப்" என்பார்கள். நம்பினார்களா என்பது வேறு விஷயம்.

'புரானா மந்திர்' எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தபோது கேங்கில் பாதிப் பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் முழுவதும் சாம்ரி நடை நடந்து காட்டுவதுதான் அவர்களுக்கு வேலை. கடப்பாரையைத் திரிசூலமாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், இன்னொருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறுமுவார். அந்த மழைக்காலத்தில் வயதான பேட்ரோல்மேன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சாப், இப்போது சுரங்கத்துக்குள் நுழையும்போது சாம்ரியை நினைத்துக்கொள்கிறேன். சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறேன்." என் தண்டவாள விஞ்ஞானம் செய்யாததை ரப்பர் முகமூடி செய்துவிட்டது.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பேய்ப் பயத்தில் அவசர அவசரமாக நடப்பவன் கண்ணுக்குச் சரிந்த மண் தெரியாது. இல்லாத ஆபத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இருக்கிற ஆபத்தைக் கவனிக்க மனசு மிஞ்சும்.

அமெரிக்காவிலும் ஒருவர்

இது நம் நாட்டு விசேஷம் மட்டும் அல்ல. ஹாலிவுட்டில் எட் வுட் என்று ஒருவர் இருந்தார். 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற அவர் படம் 1957ல் முதலில் காட்டப்பட்டு 1959ல் வெளியானது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியில் பிணங்களை எழுப்புவதாகக் கதை. கல்லறைக் கற்கள் அட்டையால் ஆனவை, யாராவது இடித்தால் ஆடும். ஒரே துரத்தல் காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வரும்.

1931ல் டிராகுலாவாக நடித்து உலகப் புகழ் பெற்ற பேலா லுகோசி இந்தப் படத்தில் இருக்கிறார். ஆனால் அவர் 1956லேயே இறந்துவிட்டார். எட் வுட்டிடம் இருந்தது அவரை வைத்து எடுத்த சில நிமிடப் பிலிம் மட்டும். அதை வீணாக்க மனம் வரவில்லை. மீதிக் காட்சிகளுக்குத் தன் மனைவிக்கு முதுகு வைத்தியம் செய்துவந்தவரை நடிக்க வைத்தார். அவர் லுகோசியை விட உயரம், ஜாடையும் கிடையாது. ஆகவே படம் முழுவதும் மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டே வருவார்.

1980ல் ஒரு புத்தகத்தில் இந்தப் படத்துக்கு "இதுவரை வந்தவற்றிலேயே மிக மோசமான படம்" என்ற பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் தேடித் தேடிப் பார்த்து ரசிக்க ஆரம்பித்தார்கள். எட் வுட் 1978லேயே வறுமையில் இறந்து போயிருந்தார். 1994ல் டிம் பர்ட்டன் அவர் வாழ்க்கையையே படமாக எடுத்தார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. மோசமான படம் எடுத்தவரைப் பற்றி நல்ல படம்! எள்ளலில் தொடங்கிய சிரிப்பு அன்பில் போய் முடிந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேண்டுமென்றே செய்தால் வராது

இந்தச் சிரிப்புக்கு மார்க்கெட் இருக்கிறது என்று தெரிந்ததும் வேண்டுமென்றே அபத்தமாக எடுப்பதும் தொடங்கிவிட்டது. 2013ல் வந்த 'ஷார்க்னேடோ' அப்படிப்பட்டது. சூறாவளி கடலிலிருந்து சுறாமீன்களை அள்ளிக்கொண்டு வந்து ஊருக்குள் வீசும். ஒரு தடவை சிரிக்கலாம். ஆனால் எடுத்தவர் கண்ணடித்துக்கொண்டே எடுத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடுவதால் பேதைமையும் இல்லை, மடனும் இல்லை. வழுக்கி விழுபவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். வழுக்கி விழுவதுபோல் நடிப்பவரை எத்தனை நேரம் பார்க்க முடியும்?

'காஞ்சனா' (2011), 'ஸ்த்ரீ' (2018) மாதிரிப் படங்கள் வேறு ஜாதி. அவை சிரிப்பையும் பயத்தையும் திட்டமிட்டுக் கலந்து சமைத்தவை. அந்தச் சமையலைக் குறை சொல்லவில்லை. நான் பேசுவது, பாயசம் வைக்கப் போய் அல்வாவாக இறுகிவிட்ட பண்டத்தைப் பற்றி.

எதற்குச் சிரிக்கக் கூடாது

என் மகனும் அவன் நண்பர்களும் ஒரு தீபாவளி விடுமுறையில் 'வீரானா' போட்டுப் பார்த்தார்கள். முதலில் அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அப்பா, இந்த மட்டமான படத்தைக் காசு கொடுத்து வேறே பார்த்தீங்களா?" என்றான். நான் பதில் சொல்லாமல் ஒரு காகிதத்தைக் கொடுத்தேன். "உன்னிடம் ஒரு வாடகை மாளிகை, ஒரு காமிரா, கொஞ்சம் பிலிம், பத்து ஆட்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது. ஒரு பெண் பேயாக மாற வேண்டும். எப்படிச் செய்வாய், எழுது" என்றேன். நாலு பேரும் அரைமணி நேரம் தலையைச் சொறிந்தார்கள். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்தபோதும் சிரித்தார்கள். ஆனால் இடையிடையே "அட, இப்படிப் பண்ணியிருக்கான்டா!" என்ற குரலும் வந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன்.

சிரிக்கக் கூடாத இடங்களும் உண்டு. ரப்பர் முகமூடியைப் பார்த்துச் சிரிக்கலாம், ஒரு மனிதரின் சொந்த முகத்தையோ உயரத்தையோ பார்த்துச் சிரிக்கக் கூடாது. இந்தப் படங்களில் காட்டுவாசிகளைக் காட்டும் விதமும், பெண்களைத் துன்புறுத்தும் காட்சிகளும் அன்றைக்கே தவறு, இன்றைக்கும் தவறு. அவற்றைத் தாண்டிவிடலாம்.

பார்க்கும் முறை

பெரும்பாலான ராம்சே படங்கள் 'ஏ' சான்றிதழ் பெற்றவை. சம்பந்தமே இல்லாத குளியல் காட்சிகள் நிச்சயம் உண்டு. ஆகவே சிறு குழந்தைகளைத் தூங்க வைத்த பிறகு பெரியவர்கள் மட்டும் பாருங்கள். தனியாகப் பார்க்காதீர்கள். சிரிப்பு வராது, சில சமயம் நிஜமாகவே பயம் வந்துவிடும். நாலைந்து பேராவது சேர்ந்து பாருங்கள். முதல் அரைமணி நேரம் யாரும் கிண்டல் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். படத்தை நம்ப முயன்றவனுக்குத்தான் அது கவிழும் இடம் தெரியும். ஓட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். நீண்ட நடைபாதையில் நாயகி மெழுகுவர்த்தியோடு நடந்துகொண்டே இருக்கும் அந்தச் சலிப்பும் ரசத்தில் சேர்த்தி.

எழுத்துக்கள் ஓடும்போது கவனிக்காமல் இருந்துவிடாதீர்கள். ராம்சே, ராம்சே, ராம்சே என்று ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். அண்ணன் தம்பி ஏழு பேரும் தங்களுக்குத் தெரிந்ததை, கையில் இருந்ததை வைத்து, நம்மைப் பயமுறுத்தப் பாடுபட்டிருக்கிறார்கள். துளசி 2018லும் ஷ்யாம் 2019லும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் நினைத்தபடி நாம் பயப்படவில்லைதான். ஆனால் முப்பது நாற்பது வருடங்களுக்குப் பிறகும் ஒரு ஹால் நிறைய ஆட்களை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார்கள். பெரிய பட்ஜெட்டில் வந்த எத்தனையோ படங்களுக்குக் கிடைக்காத பாக்கியம் அது.

இடைவேளையில் பஜ்ஜி போடும் பொறுப்பை அன்று ஒரு நாளாவது ஆண்கள் ஏற்றுக்கொள்வது உத்தமம். சமையலறையில் இருப்பவர் சாம்ரியின் வருகையைத் தவறவிடுவது நியாயமல்ல.